‘அன்லிமிடெட்’ பலகையும் இருபது இருக்கைகளும்

சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தைய இரவு, எங்களுடைய மூன்று கருத்துக்களங்களும் ஒரே நேரத்தில் விழுந்தன. திறந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி: ‘508, ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு’. வருமானச் சான்றிதழ் பழையதாக இருந்தால் ஏற்பார்களா, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று எங்கே பார்ப்பது, கல்லூரியில் ஒப்புதல் தரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று மாணவர்கள் ஆயிரம் கேள்வியோடு வந்த இரவு அது.

கூட்டம் வந்தது மாணவர் களத்துக்குத்தான். ஆனால் சட்டக் களமும் வரலாற்றுக் களமும் அதே கணக்கில் இருந்ததால் அவையும் சேர்ந்து படுத்துக்கொண்டன. அதே இரவில், காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுக்கிறார்கள், என்ன செய்வது என்று தென் மாவட்டத்திலிருந்து ஒரு குடும்பம் எங்களுக்குத் தொலைபேசியில் பேசியது. நிலைய அதிகாரி மறுத்தால் புகாரின் விவரத்தை எழுதி மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்பதற்கான மாதிரிக் கடிதம், எங்கள் வழக்கறிஞர் தோழர் எழுதியது, இரண்டு ஆண்டுகளாகச் சட்டக் களத்தில் இருக்கிறது. இணைப்பை அனுப்பினோம். 508.

கடிதத்தை வாட்ஸப்பில் தட்டச்சு செய்து அனுப்பினோம், அது வேறு கதை. மறுநாள் காலை நாங்கள் இடம் வாடகைக்கு எடுத்திருந்த நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் கணக்கு அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டதாம். மேல் திட்டத்துக்கு மாற வேண்டுமாம், இல்லையென்றால் முடக்குவார்களாம். மூன்று ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ‘அன்லிமிடெட்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

கோபப்பட்டோம். ஆனால் உட்கார்ந்து பேசியபோது தவறில் பாதி எங்களுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தோம்? விலையைப் பார்த்தோம். எத்தனை ஜிபி இடம் என்று பார்த்தோம். ‘நம்ம அமைப்புக்கு இது போதாதா’ என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினோம். அந்த வார்த்தைதான் இப்போதும் உறுத்துகிறது. ஊருக்கு ஒரு அளவும் நமக்கு ஒரு அளவும் என்று வைத்தவர்களோடு இத்தனை காலம் சண்டை போடும் நாம், நம் கையால் நமக்கு அளக்கும்போது மட்டும் ஏன் குறைத்து அளக்கிறோம்?

அதன் பிறகு பல அமைப்புத் தோழர்கள் எங்களிடம் கேட்கிறார்கள்: எந்த நிறுவனத்தில் ஹோஸ்டிங் வாங்கலாம்? நாங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில்லை. என்ன கேட்டு வாங்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். ஒரு களம் வைத்திருப்பவர்களைவிட, எங்களைப் போல இரண்டு மூன்று களங்களை ஒரே இடத்தில் நடத்துகிறவர்களுக்கே இது அதிகம் தேவைப்படும்.

‘அன்லிமிடெட் மீல்ஸ்’ என்று பலகை மாட்டிய ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். சோறுக்கு அளவில்லை, உண்மைதான். ஆனால் உள்ளே இருபது இருக்கை. பரிமாற ஒரே ஆள். இருபத்தோராவது ஆள் வாசலிலேயே நிற்க வேண்டும். பகிர்வு ஹோஸ்டிங் என்பது இதுதான். ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கணக்குகளை வைத்து நடத்தும் ஒண்டுக்குடித்தனம் அது. ஒரு வீட்டுக்காரர் எல்லாத் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கடிவாளம் போட்டிருப்பார்கள். இதற்குப் பரவலாகப் பயன்படும் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் இயல்பு அளவே ஒரு நேரத்தில் 20 நுழைவுகள், 1 ஜிபி ரேம், ஒரு சிபியு கோரின் வேகம், வட்டிலிருந்து நொடிக்கு 1 எம்பி எழுதவும் படிக்கவும். நிறுவனங்கள் இதைக் கூட்டலாம், குறைக்கலாம். விளம்பரத்தில் மட்டும் போட மாட்டார்கள். கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஒரு மூலையில் இருக்கும், அல்லது விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருக்கும். எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. ‘அளவில்லா இடம்’ வாங்கியவரும் கோப்பு எண்ணிக்கையில் மாட்டிக்கொள்ளலாம்.

எங்கள் கணக்கில் அந்த எண் இருபதுதான் இருந்தது. மூன்று களத்துக்கும் சேர்த்து.

இருபது என்றதும் தோழர்கள் பதறுகிறார்கள். எங்கள் களத்தில் சாதாரண மாலையிலேயே நூறு பேர் இருப்பார்களே, இருபது எப்படிப் போதும்? இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், நாங்களும் ஏமாந்தோம். களத்தில் இருநூறு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்து படித்து, இருபது நொடிக்கு ஒருமுறை அடுத்த பக்கத்தைச் சொடுக்குகிறார். அப்படியென்றால் நொடிக்குப் பத்துப் பக்கம். ஒரு பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்க சர்வருக்கு 0.2 நொடி ஆகிறது என்றால், எந்த நேரத்திலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருப்பது சராசரியாக இரண்டே இருக்கையில்தான். மீதி பதினெட்டும் காலி. இருநூறு பேர் வந்தும் ஒன்றும் ஆகாது.

அதே பக்கத்தைத் தயாரிக்க 3 நொடி ஆனால்? பத்து மூன்று முப்பது. இருபது இருக்கையில் முப்பது பேர் உட்கார முடியாது. வாசலில் நிற்பவர்கள் பொறுமையிழந்து பக்கத்தை மறுபடி மறுபடி புதுப்பிப்பார்கள், கூட்டம் இன்னும் கூடும், கடை சாத்தப்படும். ஆள் கூடியதால் மட்டும் சர்வர் விழுவதில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் பரிமாற ஆகும் நேரம் கூடும்போது விழுகிறது. அன்றிரவு எங்களுக்கு நடந்தது அதுதான். ஆட்கள் இரண்டு மடங்கு வந்தார்கள், டேட்டாபேஸ் பதினைந்து மடங்கு மெதுவானது.

டேட்டாபேஸ் ஏன் மெதுவாகிறது? கருத்துக்களம் என்பது நான்கு பக்கம் உள்ள நிறுவன இணையதளம் போன்றதல்ல. ஒவ்வொரு பக்கமும் அந்தக் கணத்தில் டேட்டாபேஸிலிருந்து சேகரித்துக் கட்டப்படுகிறது. யார் உள்ளே இருக்கிறார், எதைப் படித்துவிட்டார், எது புதிது என்று எழுதிக்கொண்டும் இருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் பகுதி ரேமில் இருந்தால் உடனே எடுத்துக் கொடுக்கும். ரேம் போதாவிட்டால் வட்டுக்குப் போக வேண்டும், அங்கேயோ நொடிக்கு 1 எம்பி என்று கடிவாளம். தேடல் இதைவிட மோசம். ‘நிலம்’ என்று தேடுகிறவருக்கு ‘நிலத்தை’, ‘நிலத்தில்’ கிடைக்காது. அதனால் பலர் சொல்லின் ஒரு துண்டைப் போட்டுத் தேடுகிறார்கள். அப்போது மென்பொருள் அட்டவணையைப் பயன்படுத்த முடியாமல் எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்க்கிறது. அப்படி ஒரு தேடல் ஓர் இருக்கையைப் பத்து நொடி பிடித்துக்கொள்ளும்.

தமிழுக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஹோஸ்டிங் ஆலோசனைகள் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, இயந்திரத்துக்கு ஐந்து குறி, பதினைந்து பைட். அதே சொல் இணைய முகவரியில் வந்தால் நாற்பத்தைந்து எழுத்தாக நீளும். ஆகவே ஆங்கிலக் களத்துக்கு ஒருவர் சொல்லும் இட அளவையும் ரேம் அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதை நாங்கள் கற்றது நஷ்டப்பட்டுத்தான். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் சாதாரண ‘டெக்ஸ்ட்’ வகைப் பெட்டி 65,535 பைட் கொள்ளும். ஆங்கிலத்தில் அது சிறு புத்தகமே எழுதலாம் என்ற அளவு. தமிழில் இருபத்தோராயிரத்துச் சொச்சம் குறிகள், ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு சொற்கள். ஓர் உண்மையறியும் குழுவின் அறிக்கையை முழுதாக ஏற்றினோம். ஏற்றியவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். நான்கு மாதம் கழித்து ஒரு தோழர் சொல்லித்தான் தெரிந்தது, அறிக்கை ஒரு பெண்ணின் வாக்குமூலத்தின் நடுவில், பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. பரிந்துரைகள் எதுவும் இல்லை. எச்சரிக்கைகூடத் தராமல் வெட்டியிருக்கிறது மென்பொருள். நல்ல வேளை, அச்சுப்படி ஒன்று இருந்தது. இப்போது பெரிய பெட்டிக்கு மாற்றிவிட்டோம். களம் தொடங்கும் தோழர்கள் முதல் நாளே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன வாங்குவது? களம் ஒன்றுக்கு மேல் என்றால் ஒண்டுக்குடித்தனத்தை விட்டு வெளியே வாருங்கள் என்பதே எங்கள் கருத்து. அடுத்த படி விபிஎஸ். அடுக்குமாடியில் தனி வீடு மாதிரி, குழாயும் மீட்டரும் நமக்கென்று தனியாக இருக்கும். எவ்வளவு ரேம் என்பதை இப்படிக் கணக்கிட்டோம். பிஎச்பியில் ஓடும் களத்தில் ஓர் இருக்கைக்கு எங்கள் அளவில் ஏறக்குறைய 40 எம்பி. முப்பது இருக்கை வேண்டும் என்றால் 1.2 ஜிபி. டேட்டாபேஸின் சூடான பகுதி ரேமிலேயே இருக்க 1 ஜிபி. இயங்குதளத்துக்கு அரை ஜிபி. கூட்ட நாளுக்குக் கையிருப்பாக ஒரு ஜிபி. ஆக 4 ஜிபி. இரண்டு சிபியு, எஸ்எஸ்டி வட்டு. இதை வாங்கிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் தன் நினைவுக்கு இயல்பாக எடுத்துக்கொள்வது 128 எம்பிதான். மாற்றி எழுதாவிட்டால் நீங்கள் காசு கொடுத்த ரேம் சும்மா கிடக்கும். பெரிய வீடு வாங்கித் திண்ணையில் படுத்த கதையாகிவிடும்.

மென்பொருளைப் பொறுத்தும் கணக்கு மாறும். பிஎச்பிபிபி, எஸ்எம்எஃப் போன்ற பழைய களங்கள் எளியவை, மூன்றையும் ஒரே இயந்திரத்தில் ஓட்டலாம். டிஸ்கோர்ஸ் பார்க்க அழகு, கைபேசியில் நன்றாக இருக்கிறது என்று இளைய தோழர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரு களத்துக்கே குறைந்தது 1 ஜிபி கேட்கும், 2 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. மூன்று களத்துக்கு மூன்றாக நிறுவினால் 4 ஜிபி தாங்காது. நாங்கள் பழையதிலேயே இருக்கிறோம். அழகு குறைவுதான்.

விபிஎஸ்ஸிலும் ஏமாற்று உண்டு. ஒரே இயந்திரத்தின் சிபியுவைத் தகுதிக்கு மேல் பல பேருக்கு விற்றுவிடுவார்கள். ‘டாப்’ என்ற கட்டளையைப் போட்டுப் பாருங்கள், அதில் ‘எஸ்டி’ என்று ஓர் எண் வரும். நமக்குரிய நேரத்தில் எவ்வளவு மற்றவர்களுக்குப் போகிறது என்பதைக் காட்டும் எண் அது. திருட்டு என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மாலை நேரத்தில் அது தொடர்ந்து ஐந்து, பத்து என்று நின்றால் வேறு இடம் பாருங்கள். ஆகவேதான் மூன்று ஆண்டுப் பணத்தை ஒன்றாகக் கட்டாதீர்கள் என்கிறோம். முதல் ஆண்டு விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும்போது என்ன விலை என்று கேளுங்கள். மாத வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கிளம்பும் உரிமை நம்மிடம் இருக்கும்.

சர்வர் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. அமெரிக்காவில் இருந்தால் ஒரு சொடுக்கு போய்த் திரும்பவே கால் நொடி ஆகும், கிராமத்துச் சிக்னலில் அது நன்றாகவே தெரியும். மும்பையிலோ சென்னையிலோ இருந்தால் வேகம். ஆனால் 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் உத்தரவின்படி இங்குள்ள டேட்டா சென்டர்களும் விபிஎஸ் விற்பவர்களும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். சாட்சிகள் பேசும் களத்துக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம் என்றார் ஒரு தோழர். வெளிநாட்டில் வைத்தால் மட்டும் யார் காவல் என்றார் இன்னொருவர். கடைசியில் மாணவர் களத்தின் வேகத்தை முன்வைத்து இந்தியாவிலேயே எடுத்தோம். சட்டக் களத்தில் பாதிக்கப்பட்டவர் பெயரோ ஊரோ எழுதக் கூடாது என்ற விதியை இறுக்கினோம். பாலியல் வன்முறை வழக்குகளில் அது சட்டத்தின் கட்டளையும்கூட.

பேக்கப் பற்றி நீட்டவில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். நாங்கள் தினமும் ஒரு படியை வேறு நிறுவனத்தில், வேறு நகரத்தில் வைக்கிறோம். மாதம் ஒருமுறை அதைத் திறந்தும் பார்க்கிறோம். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி ஒருமுறை கை சுட்டுக்கொண்டோம்.

இவ்வளவு பாடு எதற்கு, ஃபேஸ்புக்கில் மூன்று குழு தொடங்கினால் இலவசம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாங்களும் இருந்தோம் இலவசத்தில். யாகூ குழுமங்களில் எத்தனை ஆண்டு விவாதங்கள் இருந்தன என்று மூத்த தோழர்களைக் கேளுங்கள். 2019 அக்டோபரில் அறிவித்தார்கள், சில மாதங்களில் பழைய பதிவுகளை அழித்தார்கள், 2020 டிசம்பரில் குழுமத்தையே மூடினார்கள். ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று போனது. இலவச இடத்தில் நம்மை வெளியேற்ற யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை. நூறு பேர் சேர்ந்து புகார் பொத்தானை அழுத்தினால் போதும்.

இந்த வாதம் புதிதும் அல்ல. 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு தருகிறோம் என்றும் திலகரின் ‘கேசரி’ அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது. அதற்கு முன்பே இங்கே இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார், பின்னர் அதற்கென்று அச்சகமும் அமைந்தது. அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். காகிதத்துக்கும் மைக்கும் எங்கிருந்து காசு வந்தது என்று நினைத்துப் பார்த்தால், மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு நாங்கள் யோசித்ததே எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். விபிஎஸ் எடுத்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்காமல் ஆறு மாதம் விட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். எங்களிடம் கணினி தெரிந்த தோழர்கள் இருவர் இருக்கிறார்கள், அதனால் துணிந்தோம். ஆள் இல்லாத அமைப்புகள், நிறுவனமே பராமரித்துத் தரும் திட்டத்தைக் கூடுதல் விலை கொடுத்து எடுப்பதே மேல். டொமைனும் கணக்கும் தனி ஒருவரின் கைபேசி எண்ணில் இருக்கக் கூடாது. எங்கள் டொமைன் வளைகுடாவுக்குப் போய்விட்ட ஒரு தோழரின் பழைய மின்னஞ்சலில் இருந்தது. அதை மீட்க நாங்கள் அலைந்த அலைச்சலை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

இந்த ஆண்டு விண்ணப்பக் கடைசி இரவில் நாங்கள் மூவர் உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் வந்தவர்களில் ஏறக்குறைய பாதி ஆட்களே அல்ல, பக்கங்களை அள்ளிக்கொண்டு போகும் இயந்திரங்கள். அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தினோம். இரவு பதினொன்றரைக்கு அதிகபட்சமாகப் பதினோரு இருக்கை நிரம்பியது. சட்டக் களம் அது பாட்டுக்குத் திறந்திருந்தது.

செலவு வரி சேர்த்து மாதம் 2,100 ரூபாய். இருபத்தோரு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் போடுவதாக ஏற்பாடு. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி கட்ட வேண்டும். இந்த மாதம் இன்னும் நான்கு பேர் தரவில்லை, யார் என்று அவர்களுக்கே தெரியும்.